ஹானர்ஸ் வகுப்புக்குப் போகும் பாதை ஆறாம் வகுப்பிலேயே பிரிந்துவிடுகிறது

அமெரிக்காவில் வசிக்கும் ஒரு தமிழ்த் தாயின் கேள்வி: "என் மகள் அடுத்த வருடம் ஹைஸ்கூல் போகிறாள். எங்கள் கல்வி மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பில் கடினமான பாடத்திட்டம் கொண்ட ஹானர்ஸ் ஆங்கிலத்தை நிறுத்திவிட்டு, எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கப் போகிறார்களாம். ஏன் என்று கேட்டால், ஹானர்ஸ் வகுப்பில் கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள் மிகவும் குறைவு என்கிறார்கள். தகுதி பார்த்துச் சேர்க்கும் வகுப்பில் இனம் எங்கிருந்து வந்தது? படிக்கிற பிள்ளையின் வகுப்பைப் பிடுங்கினால் மற்ற பிள்ளை முன்னேறிவிடுமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் தகுதி பார்த்துத்தான் சேர்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் ஒரு பப்ளிக் ஹைஸ்கூலில் கணக்கு ஆசிரியை. அந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறவள்.

ஹானர்ஸுக்கு நுழைவுத் தேர்வு வைக்கும் பள்ளிகள் குறைவு. குளிர்கால விடுமுறை முடிந்ததும் அடுத்த வருடத்துக்கான பாடத் தேர்வு தொடங்கும். அப்போது ஒவ்வொரு ஆசிரியரும் தன்னிடம் படிக்கும் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே, அடுத்த வருடம் ஹானர்ஸா சாதாரண வகுப்பா என்று கணினியில் குறி போட வேண்டும். 95 வாங்குகிற பிள்ளைக்கும் 65 வாங்குகிற பிள்ளைக்கும் யோசிக்க ஒன்றுமில்லை. 84, 87 என்று நடுவில் நிற்கிறவர்கள் விஷயத்தில்தான் சிக்கல். அங்கே மனதில் என்னென்னவோ ஓடும். வீட்டுப்பாடம் ஒழுங்காக வருகிறதா, வகுப்பில் கை தூக்குகிறானா, இவனுடைய அக்கா ஹானர்ஸில் நன்றாகச் செய்தாளே, அம்மா இரண்டு முறை மெயில் போட்டுவிட்டாரே. இவற்றில் எதிலும் இனம் என்று எழுதி ஒட்டியிருக்காது. ஆனால் சாயங்காலம் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பையனின் வீட்டுப்பாடம் பாதியில் நிற்கும். இரண்டு வேலை பார்க்கும் அம்மாவிடமிருந்து மெயில் வராது. அப்புறம், துறுதுறுவென்று பேசுகிற வெள்ளைக்காரப் பையனை 'ஆர்வம்' என்றும், அதே அளவு பேசுகிற கறுப்பினப் பையனை 'அடக்கமில்லை' என்றும் எழுதிவைக்கும் பழக்கம் ஆசிரியர் அறைகளில் நிஜமாகவே உண்டு. யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதுவதில்லை.

இதற்கு மேல் ஒரு பின்வாசலும் இருக்கிறது. ஆசிரியர் சாதாரண வகுப்பு என்று குறித்தாலும், பல மாவட்டங்களில் பெற்றோர் 'வெய்வர்' படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை ஹானர்ஸில் சேர்த்துவிடலாம். ஒரே ஒரு பக்கம்தான். "பள்ளியின் பரிந்துரைக்கு மாறாக, என் சொந்தப் பொறுப்பில் சேர்க்கிறேன், பிள்ளை தடுமாறினால் வகுப்பு மாற்ற இடம் இருக்கும் என்று உறுதி இல்லை" என்ற ரீதியில் இருக்கும். படித்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும், பயப்படவேண்டும் என்றே எழுதப்பட்டதுபோல. அந்தப் படிவம் பள்ளி இணையதளத்தில் எங்கோ நாலு கிளிக்குக்கு அடியில் கிடக்கும். நம் ஆட்களுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டால், ஜனவரியிலேயே தமிழ் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் சுற்றிவிடும், கடைசித் தேதியோடு. ஸ்பானிஷ் மட்டுமே பேசும் வீட்டுக்கோ, அந்த ஊரில் யாரையும் தெரியாத வீட்டுக்கோ அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. ஆக, தகுதி பார்த்துச் சேர்ப்பதாகச் சொல்லப்படும் வகுப்பில் கணிசமான இருக்கைகள் கேட்டு வாங்கியவை. கேட்கத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பதில்தான் இனமும் வசதியும் உள்ளே வருகின்றன.

இதனால் என்ன நஷ்டம், சாதாரண வகுப்பிலும் அதே பாடம்தானே என்று தோன்றலாம். பாடம் அதே பெயரில்தான் இருக்கும். ஆனால் பல பள்ளிகளில் சாதாரண வகுப்பில் ஏ வாங்கினால் ஜிபிஏ என்ற மொத்தச் சராசரிப் புள்ளிக் கணக்கில் 4.0 புள்ளி, ஹானர்ஸில் ஏ வாங்கினால் 4.5, கல்லூரி நிலைப் பாடமான ஏபியில் 5.0. சாதாரண வகுப்புகளிலேயே இருந்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும், ஏபியில் பி வாங்கியவரை முந்த முடியாத நிலை வரும். டெக்சாஸில் 1997இல் வந்த சட்டப்படி, ஒவ்வொரு ஹைஸ்கூலிலும் முதல் 10 சதவீதத்தில் வருகிறவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் உண்டு (ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இப்போது அந்த வரம்பு இன்னும் குறுகிவிட்டது). அந்தத் தரவரிசை பெரும்பாலும் இந்த எடை கூட்டிய புள்ளிகளை வைத்துத்தான் போடப்படுகிறது. நல்லெண்ணத்தோடு "இவனுக்குச் சாதாரண வகுப்பே போதும், சிரமப்பட வேண்டாம்" என்று ஒன்பதாம் வகுப்பில் போட்ட ஒரு குறி, பன்னிரண்டாம் வகுப்பில் கல்லூரி இடத்தைத் தொடும்.

ஆங்கிலத்திலாவது பத்தாம் வகுப்பில் தாவி ஏறிக்கொள்ளலாம். கணக்கில் அது நடக்காது. அதனால்தான் எனக்கு ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தைவிட ஆறாம் வகுப்புக் கணக்கின் மீது அதிகக் கவலை. இங்கே கணக்குப் பாடம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும் ஏணி. அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கடைசியில் கால்குலஸ். பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் வேண்டும் என்றால் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்திருக்க வேண்டும். அதற்கு ஆறாம், ஏழாம் வகுப்பில் வேகமான கணக்கு வகுப்பில் இருந்திருக்க வேண்டும். அந்த வகுப்புக்கு ஆள் எடுப்பது ஐந்தாம் வகுப்பு முடியும்போது. அதாவது பத்து, பதினொரு வயதில். இஞ்சினியரிங் படிக்க ஆசைப்படும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "மிஸ், நான் எப்போது கால்குலஸ் எடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறாள். அவள் அப்போது அல்ஜீப்ரா 2இல் இருந்தாள். கோடை வகுப்பில் ஒரு படியைத் தாண்டலாம், காசு கட்டி ஆன்லைனில் ஒன்றை முடிக்கலாம் என்று வழி சொல்லலாம்தான். இரண்டுக்குமே நேரமும் பணமும் வேண்டும். அவள் கோடையில் வேலைக்குப் போகிறவள்.

ஆசிரியர் சரியாகக் குறி போட்டாலும் பள்ளியில் அந்த வகுப்பே இல்லாமல் போகலாம். மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகம் நாடு முழுக்கத் திரட்டும் புள்ளிவிவரத்தில், 2020-21 கல்வியாண்டில் கறுப்பின, லத்தீனோ மாணவர்கள் அதிகமாக உள்ள ஹைஸ்கூல்களில் கால்குலஸ் இருந்தது சுமார் 35 சதவீதத்தில்தான். அவர்கள் குறைவாக உள்ள பள்ளிகளில் 54 சதவீதம். கலிபோர்னியாவில் இங்கிள்வுட் ஊர் மாணவர்கள் இதற்காகவே 1999இல் மாநிலத்தின் மீது வழக்குப் போட்டார்கள். பக்கத்து ஊர்களில் ஏபி பாடங்கள் கொட்டிக் கிடக்க, எங்கள் பள்ளியில் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறதே என்பதுதான் வழக்கு. இது பள்ளிக்கும் பள்ளிக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் மாவட்டத்தின் பிரச்சினை வேறு. ஒரே கட்டடம், ஒரே கேண்டீன், ஒரே கால்பந்து அணி. மணி அடித்ததும் பிள்ளைகள் நிறவாரியாகப் பிரிந்து போகிறார்கள்.

இந்தக் காட்சிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். வாஷிங்டன் டிசியில் பள்ளிகளை ஒன்றாக்கிய கையோடு, 1956இல் ஹைஸ்கூல் பிள்ளைகளை நான்கு தடங்களாகப் பிரித்தார்கள்: ஹானர்ஸ், ரெகுலர், ஜெனரல், பேசிக். இதை வடிவமைத்த கார்ல் ஹான்சன் பிறகு அந்த ஊரின் பள்ளிக் கண்காணிப்பாளர் ஆனார். இது இனப்பிரிவினை அல்ல, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் திறமைக்கேற்ற கல்வி என்று அவர் உண்மையாகவே நம்பினார். கீழ்த்தடத்தில் ஒருமுறை விழுந்த பிள்ளை மேலே வருவது அரிதாக இருந்தது. கீழ்த்தடத்தில் கல்லூரிக்கான பாடங்களே கிடையாது. சமூக உரிமைப் போராளி ஜூலியஸ் ஹாப்சன் வழக்குத் தொடுத்தார். 1967இல் நீதிபதி ஸ்கெல்லி ரைட் அந்தத் தட முறையையே செல்லாது என்று அறிவித்தார். அவர் சொன்ன காரணத்தில் ஒன்று இங்கே பொருந்தும்: பிள்ளைகளைப் பிரிக்கப் பயன்படுத்திய தேர்வுகள் வெள்ளை நடுத்தர வர்க்கப் பிள்ளைகளை அளவாக வைத்துச் செய்யப்பட்டவை, அவை பிள்ளையின் இயல்பான திறனைவிட, அது எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறது என்பதையே அதிகம் அளந்தன. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு வேண்டாம் என்று பள்ளி வாரியம் முடிவெடுத்ததும் ஹான்சன் பதவி விலகினார். ஆனால் அந்தத் தீர்ப்பு நாடு முழுக்கப் பரவவில்லை. இன்றைக்கு 'தடம்' என்று யாரும் சொல்வதில்லை, விண்ணப்பிக்கலாம், விருப்பம்போல எடுக்கலாம் என்கிறார்கள். விளைவு மட்டும் அதிகம் மாறவில்லை.

"அந்தப் பிள்ளைகளின் மார்க் குறைவு, அதனால் எண்ணிக்கை குறைவு, இதில் யார் தப்பு?" இது நம் வீட்டு விருந்துகளில் கேட்கும் வாதம். பாதி உண்மை. வறுமை, அடிக்கடி வீடு மாறுவது, நல்ல பாலர் பள்ளி கிடைக்காதது எல்லாம் சேர்ந்து மூன்றாம் வகுப்பிலேயே மதிப்பெண்ணில் பெரிய இடைவெளியை உண்டாக்கிவிடுகின்றன. ஹைஸ்கூலில் ஒரு படிவத்தை மாற்றி அதை அடைக்க முடியாது. ஆனால் மீதிப் பாதி இருக்கிறதே: மார்க் இருந்தும் உள்ளே வராதவர்கள். 2017இல் வட கரோலினாவின் இரண்டு பெரிய நாளிதழ்கள் மாநிலத்தின் தேர்வுத் தரவுகளைத் தோண்டிப் பார்த்தன. நன்றாக மார்க் வாங்கிய ஏழை வீட்டுப் பிள்ளைகள், அதே மார்க் வாங்கிய வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிட ஹானர்ஸ் போன்ற மேல்நிலை வகுப்புகளில் குறைவாகவே சேர்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அடுத்த வருடமே மாநிலம் சட்டம் போட்டது: மாநிலக் கணக்குத் தேர்வில் மிக உயர்ந்த நிலையில் மார்க் வாங்கிய பிள்ளையை மேல்நிலைக் கணக்கு வகுப்பில் போட்டே ஆக வேண்டும், வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதித் தரட்டும்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஃப்ளோரிடாவைப் பற்றியது. பின்னால் 2021இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் டேவிட் கார்டும், லாரா ஜூலியானோவும் செய்தது. ப்ரோவார்ட் கவுண்டி என்ற பெரிய கல்வி மாவட்டத்தில் மிகுந்த திறமையுள்ள பிள்ளைகளுக்கான 'கிஃப்டட்' வகுப்புக்கு ஆசிரியரோ பெற்றோரோ பிள்ளையின் பெயரைச் சொன்னால்தான் சோதிப்பார்கள். 2005இல் இதை மாற்றினார்கள். இரண்டாம் வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் ஒரு சிறு தேர்வு, அதில் தேறியவர்களுக்கு முழுச் சோதனை. அவ்வளவுதான். தேர்ந்தெடுக்கப்படும் கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் 80 சதவீதம் கூடியது. ஹிஸ்பானிக் (லத்தீனோ) பிள்ளைகளின் விகிதம் 130 சதவீதம் கூடியது. அந்தப் பிள்ளைகள் திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை, முந்தைய வருடங்களிலும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பொருளாதார மந்தத்தில் பணம் இல்லை என்று அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள், எண்ணிக்கையும் பழைய நிலைக்கே இறங்கியது.

அதே மாவட்டத்தில் கார்டும் ஜூலியானோவும் கண்ட இன்னொரு விஷயம் உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கம். ஒரு பள்ளியில் நாலைந்து கிஃப்டட் பிள்ளைகள் இருந்தாலும் அவர்களுக்குத் தனி வகுப்பு நடத்த வேண்டும் என்பது அங்கே விதி. மீதி இருக்கைகளை யாரைக் கொண்டு நிரப்புவது? போன வருட மாநிலத் தேர்வில் யார் அதிக மார்க்கோ அவர்களை, வரிசைப்படி. ஆசிரியர் பரிந்துரை கிடையாது, பெற்றோர் மெயிலும் எடுபடாது. அப்படி உள்ளே வந்த கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் கணக்கிலும் வாசிப்பிலும் நன்றாக முன்னேறினார்கள். ஆறாம் வகுப்பு வரைக்கும் அந்த முன்னேற்றம் நிலைத்தது. வெளியே இருந்த வகுப்புகளுக்கு நஷ்டம் எதுவும் தென்படவில்லை. மேல்நிலை வகுப்பு என்பதே இனச் சமத்துவத்துக்கு எதிரி என்று பேசுகிறவர்கள் இந்த ஆய்வைக் கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த வகுப்பால் அதிகப் பலன் பெறக்கூடியவர்களே இப்போது வெளியே நிற்கிறவர்கள்தான்.

"அவர்களே வரமாட்டேன் என்கிறார்கள், படித்தால் வெள்ளைக்காரன்போல நடிக்கிறான் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்களாம்" என்ற கதையையும் கேட்டிருப்பீர்கள். இது 1986இல் சிக்னிதியா ஃபோர்டம், ஜான் ஒக்பு என்ற மானுடவியலாளர்கள் வாஷிங்டன் பள்ளி ஒன்றை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. பின்னால் ஒக்புவை ஒஹையோவில் ஷேக்கர் ஹைட்ஸ் ஊரின் கறுப்பினப் பெற்றோரே அழைத்தார்கள். கிளீவ்லாந்தை ஒட்டிய வசதியான ஊர். கறுப்பினத்தவர் குடிவந்தால் வெள்ளையர் வீட்டை விற்றுவிட்டு ஓடிய காலத்திலேயே, சேர்ந்து வாழ்வோம் என்று முடிவெடுத்து அதற்காக உழைத்த ஊர். அங்கேகூட ஏபி வகுப்புகள் பெரும்பாலும் வெள்ளையாகவும், கீழ்நிலை வகுப்புகள் பெரும்பாலும் கறுப்பாகவும் இருந்தன. 1997இல் பள்ளி மாணவர் பத்திரிகை இதை எழுதப்போய் ஊரே கொதித்தது. ஒக்பு வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளின் உழைப்பும் பெற்றோரின் கண்காணிப்பும் போதவில்லை என்று சொன்னதில் அழைத்தவர்களுக்கே கோபம். அவர் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் வட கரோலினாப் பள்ளிகளில் கேரலின் டைசனும் கூட்டாளிகளும் 2005இல் கண்டது எனக்கு நேரில் தெரிந்ததோடு அதிகம் ஒத்துப்போகிறது. அந்தக் கேலி எல்லாப் பள்ளியிலும் இல்லை. பள்ளி கலப்பாக இருந்து, மேல்நிலை வகுப்பு மட்டும் கண்ணுக்குத் தெரிய வெள்ளையாக இருக்கும் இடத்தில்தான் அது முளைக்கிறது. 'அது அவங்க வகுப்பு' என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது வகுப்பறையின் கதவு வழியாகத் தெரியும் காட்சிதான்.

அந்தக் காட்சிக்குள் தனி ஆளாக நுழைவது எவ்வளவு கஷ்டம் என்று நம் பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. என் ஹானர்ஸ் வகுப்பில் முதல் நாள் டைம்டேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற ஒரு பையனிடம், உள்ளே இருந்த இன்னொரு மாணவன் கேட்டது: "ரூம் மாறி வந்துட்டியா?" கேட்டவனுக்கு அது உதவி. பையன் ஒன்றும் சொல்லாமல் பின்வரிசைக்குப் போனான். இரண்டு வாரத்தில் கவுன்சலரிடம் போய் வகுப்பை மாற்றிக்கொள்ளப் பார்த்தான். மார்க்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. குழுவாகச் செய்யும் வேலைக்கு அவனைக் கூப்பிட ஆளில்லை, பரீட்சைக்கு முந்தைய இரவு எல்லோரும் சேர்ந்து சந்தேகம் கேட்கும் சாட் குழுவில் அவன் இல்லை. இதற்குப் பெரிய தத்துவமெல்லாம் தேவையில்லை. டைம்டேபிள் போடுகிறவர் மனசு வைத்தால் போதும். ஹானர்ஸ் மூன்று பிரிவு இருந்தால், பிரிவுக்கு ஒருவராகத் தூவாமல், தெரிந்த நாலைந்து பேரை ஒரே பிரிவில் போடலாம். ஷேக்கர் ஹைட்ஸில் 1990இலிருந்து நன்றாகப் படிக்கும் கறுப்பின மூத்த மாணவர்கள் இளைய பையன்களைக் கூட்டிவைத்து வழிநடத்தும் குழு ஒன்று இருக்கிறது. அதுவும் இதே காரணத்துக்காகத்தான். டைம்டேபிளில் இன்னொரு வில்லங்கமும் உண்டு, வெளியே யாருக்கும் தெரியாது. ஏபி ஃபிசிக்ஸ் ஒரே ஒரு பீரியடில்தான் நடக்கும். ஆங்கிலம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கான கட்டாய வகுப்பும் அதே பீரியடில் விழும். யாரும் தடுக்கவில்லை, பிள்ளையும் வரமுடியாது.

சரி, உங்கள் மாவட்டம் செய்யப்போவதற்கு வருவோம். ஹானர்ஸை எடுத்துவிடுவது சரியா?

சான் பிரான்சிஸ்கோ இதைக் கணக்கில் செய்துபார்த்தது. 2014இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை நிறுத்தி, எல்லோரும் ஒன்பதாம் வகுப்பில்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் பார்த்தபோது, மேல்நிலைக் கணக்கில் இனங்களுக்கிடையே இருந்த இடைவெளி பெரிதாக மாறவில்லை. ஏபி கணக்கு எடுப்பவர்களின் எண்ணிக்கை முதலில் விழுந்து, பிறகு ஓரளவு மீண்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அல்ஜீப்ராவை வெளியே காசு கட்டி ஆன்லைனில் படித்தார்கள், அல்லது ஒரே வருடத்தில் இரண்டு கணக்குப் பாடம் எடுத்து ஏணியில் தாவினார்கள். பள்ளியை மட்டுமே நம்பியிருந்த திறமையான ஏழைப் பிள்ளைதான் மாட்டிக்கொண்டது. 2024இல் நகர வாக்காளர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள், வாக்கெடுப்புக்குச் சற்று முன்பே பள்ளி வாரியமும் இறங்கி வந்திருந்தது.

ஆனால் இதை மட்டும் வைத்து "பார்த்தீர்களா, எடுத்தால் கெட்டுப்போகும்" என்று நீங்கள் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசினால், எதிரே இருப்பவர் நியூயார்க்கின் ராக்வில் சென்டரை எடுத்து வைப்பார். லாங் ஐலண்டில் உள்ள அந்த ஊரின் சவுத் சைடு ஹைஸ்கூல் தன் தடங்களைப் படிப்படியாகக் கலைத்தது. 2000இல் படித்து முடித்த கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்களில் மாநிலத் தேர்வுகளில் தேறிப் பெறும் ரீஜண்ட்ஸ் டிப்ளமா பெற்றவர்கள் 32 சதவீதம். 2003இல் 82 சதவீதம். வெள்ளை, ஆசிய மாணவர்களும் இறங்கவில்லை, 88இலிருந்து 97 ஆனார்கள். இரண்டு ஊருக்கும் என்ன வித்தியாசம்? ராக்வில் சென்டரில் சாதாரண வகுப்பைத்தான் ஒழித்தார்கள். ஹானர்ஸ் பாடத்திட்டத்தை எல்லோருக்கும் கொடுத்தார்கள், தடுமாறுகிறவர்களுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் கூடுதல் கணக்கு வகுப்பு வைத்தார்கள். அங்கே செலவும் செய்தார்கள், பல வருடம் பொறுமையாகவும் செய்தார்கள். வசதியான சின்ன மாவட்டம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவில் எல்லோரையும் நிறுத்திவைத்தார்கள்.

என் சொந்தக் கருத்து: கணக்கில் வகுப்பை எடுக்கக் கூடாது, ஆள் சேர்க்கும் முறையை மாற்ற வேண்டும். டாலஸ் அதைத்தான் செய்தது. ஆறாம் வகுப்பு ஹானர்ஸுக்கு யாராவது பரிந்துரைக்க வேண்டும் என்பதை 2019இல் மாற்றி, மாநிலத் தேர்வில் மார்க் இருந்தால் தானாகவே சேர்ந்துவிடும், வேண்டாம் என்றால் மட்டும் பெற்றோர் சொல்லலாம் என்றார்கள். ஹானர்ஸ் கணக்கில் கறுப்பினப் பிள்ளைகளின் பங்கேற்பு சில வருடங்களில் இரட்டிப்புக்கும் மேலானது. 2023இல் டெக்சாஸ் மாநிலமே அதைச் சட்டமாக்கியது: ஐந்தாம் வகுப்புக் கணக்கில் முதல் 40 சதவீதத்தில் வரும் எல்லோரும் ஆறாம் வகுப்பில் மேல்நிலைக் கணக்குக்கு. வாஷிங்டன் மாநிலத்தில் ஃபெடரல் வே என்ற மாவட்டம் 2010இலேயே ஹைஸ்கூலில் இதே முறையைத் தொடங்கி, 2019இல் மாநிலம் முழுவதற்கும் கட்டாயமானது. டெக்சாஸும் வட கரோலினாவும் குடியரசுக் கட்சிக்காரர்கள் ஆளும் சட்டமன்றங்கள், வாஷிங்டன் ஜனநாயகக் கட்சி. இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போவது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. இன ஒதுக்கீடு இல்லை, இனத்தைக் கேட்பதே இல்லை. அதனால் 2023இல் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இதைத் தொடாது.

ஆனால் சேர்த்துவிட்டுக் கைகழுவினால் நாசம். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ஃபீல்டு ஹைஸ்கூலில் ஹைமே எஸ்கலான்டே என்ற பொலிவியா ஆசிரியர் ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஏபி கால்குலஸ் நடத்தினார். 1982இல் 18 பேர் தேறினார்கள், அதில் 14 பேர் காப்பியடித்ததாகத் தேர்வு நிறுவனம் சந்தேகப்பட்டது. மறுதேர்வு எழுதிய 12 பேரும் திரும்பத் தேறினார்கள். இதை ஒரு வீரக் கதையாக மட்டும் சொல்கிறார்கள். அவர் அந்தப் பள்ளிக்கு வந்தது 1974இல். கீழ் வகுப்புகளிலிருந்தே கணக்கைச் சீர்படுத்தி, காலையிலும் மாலையிலும் கோடையிலும் வகுப்பு எடுத்துத்தான் அந்த 18 பேரை அவர் கொண்டுவந்து நிறுத்தினார். எட்டு வருட வேலை.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியக் குடும்பங்கள் இங்கே நன்றாகப் படிப்பதற்கு நம் கலாசாரம் காரணம் என்று பேசிக்கொள்கிறோம். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நாம் சல்லடையில் சலித்து அனுப்பப்பட்டவர்கள். பட்டப்படிப்பும் வேலை விசாவும் இருந்ததால்தான் வந்தோம். அதே 'ஆசியர்' கட்டத்துக்குள் அகதிகளாக வந்த கம்போடிய, மோங் குடும்பங்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நம் வாட்ஸ்அப் குழு இல்லை. 2015இல் நியூஜெர்சியில் வெஸ்ட் விண்ட்சர்-ப்ளெயின்ஸ்பரோ மாவட்டத்தில் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட், பிள்ளைகள் மன அழுத்தத்தில் இருக்கிறார்கள் என்று நாலாம், ஐந்தாம் வகுப்பு வேகக் கணக்கைக் குறைத்தபோது, ஆசியப் பெற்றோர் ஒரு பக்கமும் வெள்ளைப் பெற்றோர் பெரும்பாலும் இன்னொரு பக்கமும் நின்றார்கள். நம் தமிழ்க் குடும்பங்கள் நிறையப் பேர் வசிக்கும் இடம் அது. அந்தச் சண்டையில் கறுப்பின, லத்தீனோ பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் ஹைஸ்கூல் கதை வேறு மாதிரி. 2020இல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் இடம் ஒதுக்கினார்கள். புதிய வகுப்பில் ஆசியர் பங்கு 73இலிருந்து 54 சதவீதமானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024இல் அது விசாரிக்க மறுத்துவிட்டது. அது இடம் எண்ணி வைத்த பள்ளி. ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே போகவேண்டும், கோபம் புரிகிறது. உங்கள் ஊர் ஹானர்ஸ் வகுப்புக்கு அப்படி எண்ணிக்கை இல்லை. ஆள் கூடினால் இன்னொரு பிரிவு திறக்கலாம்.

உங்கள் மகளுக்கு இதனால் பெரிய நஷ்டம் வராது. கல்லூரிகள் அந்தப் பள்ளியில் என்னென்ன பாடம் இருந்தது என்ற குறிப்பையும் சேர்த்துத்தான் மார்க் ஷீட்டைப் பார்க்கின்றன; இல்லாத வகுப்பை ஏன் எடுக்கவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம் ஒரே நிலையாவதை நான் எதிர்க்கவும் மாட்டேன், இரண்டு பதில்கள் சரியாக இருந்தால். ஒன்று, மிஞ்சப்போவது ஹானர்ஸின் பாடத்திட்டமா, மற்றதா? எந்தெந்தப் புத்தகம், வருடத்துக்கு எத்தனை நீண்ட கட்டுரை என்று கேளுங்கள், தாளில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குப் பள்ளி நேரத்துக்குள்ளேயே கூடுதல் வகுப்பு உண்டா, அதற்கு எத்தனை ஆசிரியர்? 'ஆசிரியர்கள் வேறுபடுத்திக் கற்பிப்பார்கள்' என்று மட்டும் பதில் வந்தால் பணம் ஒதுக்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எதிர்த்தே பேசுங்கள், கறுப்பின, லத்தீனோ பெற்றோரோடு சேர்ந்து பேசுங்கள். அவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

கூட்டத்தில் மைக் கிடைக்கும் அந்த மூன்று நிமிடத்தில் ஆறாம் வகுப்புக் கணக்கையும் கேட்டுவிடுங்கள்: மாநிலத் தேர்வில் மார்க் இருந்தும் மேல்நிலைக் கணக்கில் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர், இன வாரியாக? மாவட்டத்திடம் அந்தத் தரவு இருக்கும். வெய்வர் படிவத்தைப் பற்றியும் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு இப்படிப்பட்ட தகவலைப் புரியும் மொழியில் தரவேண்டியது சட்டப்படி மாவட்டத்தின் கடமை. ஸ்பானிஷ் படிவம் எங்கே என்று கேட்டால், அநேகமாக அடுத்த வாரம் தயாராகிவிடும். வந்ததும் அந்த லிங்க்கைப் பள்ளியின் பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பிடிஏ குழுவில் போட்டுவிடுங்கள், கடைசித் தேதியோடு.